பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நின்ற அம்மாக்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை. காபி டம்ளரை வாயில் வைக்கப் போகிறேன்... எதிர் வீட்டிலிருந்து ஒரு அலறல். ஜோதிக்கு வலி எடுத்துவிட்டது!

ஆட்டோவுக்கு ஆள் போனது, ஆட்டோ வரவில்லை. எங்கள் வாசலில் நின்றது குட்டி யானை ஒன்றுதான். எங்கள் வீட்டுக்காரர் சிவகாசியில் பேப்பர் கடை வைத்திருப்பவர் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கடைக்கு லோடு அடிக்கிற வண்டி அது. முன்சீட்டில் ஜோதியும் அவள் அம்மாவும். பின்னால், பேப்பர் கட்டுகளின் மேல், நானும் ஜோதியின் மாமியாரும். எங்கள் ஊர் ரோட்டில் எத்தனை ரகக் குழிகள் இருக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரி. ஜோதியை உள்ளே கூட்டிப் போன நர்ஸ் திரும்பி வந்து கதவருகில் நின்று கேட்டார்.

"கூட இருக்கப் போறது யாரு? ஒருத்தர்தான்."

"நான்தான். பெத்தவ நானில்லா?" என்று அம்மா முன்னே போனார்.

"அதெப்படி மதினி? பொறக்கப் போறது எங்க வீட்டுப் பேரப்பிள்ளை. நான் வெளிய நிக்கவா?" என்று மாமியார் குறுக்கே வந்தார்.

சம்பந்தி சண்டைக்கு நேரம் காலம் ஏது? இரண்டு பேரும் கல்யாணச் சாப்பாட்டில் ரசம் கம்மியானதுவரை போய்விட்டார்கள். நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் முடிவு பண்ணுங்க. நீங்க பேசி முடிக்கிறவரைக்கும் பிள்ளை உள்ளயே இருக்காது" என்றார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஜோதியின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் வேணாம்... பானு அக்காவை வரச் சொல்லுங்க!"

பானு அக்கா என்பது நான்தான். கூப்பிட்டுவிட்டாளே... போகாமல் இருக்க முடியுமா? போனேன். ஜோதி என் வலது கையைப் பிடித்தவள், பிள்ளை பிறக்கும்வரை விடவில்லை. ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம். என் கைக்குத்தான் இரண்டு நாள் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது.

இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. "கூட இருக்கப் போறது யாரு?" — இந்தக் கேள்வியை அந்த நர்ஸ் சர்வசாதாரணமாகக் கேட்டாரே, அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்திகள் இரண்டு பேரும் நான் தங்கள் சண்டையைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்து, சட்டென்று சமாதானம் ஆகிவிட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் அந்தக் கேள்வியே கிடையாது. கதவு சாத்தப்படும். அவ்வளவுதான். உள்ளே போனவள் தனி. வெளியே நிற்பவர்கள் நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கேள்வி எங்கள் பக்கத்துக்கு எப்படி வந்தது என்பதை நான் கூட இருந்து பார்த்தவள். அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அப்போது எங்கள் கடையில் கருப்பசாமி என்று ஒரு லோடுமேன் இருந்தார். அவர் மனைவி மாரி. மாரியின் அம்மா பேச்சியம்மாள். எங்கள் வீட்டுக்காரர் அவர்களுக்கு பாய், அதனால் நான் பாயம்மா. தாயில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். தாயும் மகளும் ஒரே பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர்கள். விடிகிற நேரத்தில் கம்பெனி வேன் ஊருக்குள் வரும், ஏறிப் போவார்கள், பொழுது சாய இறக்கிவிடும். பேச்சியம்மாள் பேச ஆரம்பித்தால் வேன் டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டியதில்லை... அவர் குரலே ரோட்டைக் காலி பண்ணிவிடும்.

மாரி இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்த நேரம். ஒருநாள் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எந்த ஆஸ்பத்திரியில பேர் கொடுத்திருக்கே?" என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரியுமில்ல பாயம்மா. வீட்டுலதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்கு வருகிற கிராம நர்ஸ் அவளுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு, வீட்டில் வைத்துப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கருப்பசாமியே என்னிடம் சொல்லிப் புலம்பியிருந்தார். அப்படியிருந்தும் வீட்டில்தான் என்கிறாளே!

"ஏன்டி, உனக்குப் பித்தா பிடிச்சிருக்கு?"

மாரி தரையைப் பார்த்தபடியே சொன்னாள். மூத்தவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருந்தாளாம்.

"வலி கூடப் பெருசில்ல பாயம்மா. பக்கத்துல ஒரு ஆளு இல்ல. அம்மா அம்மான்னு கத்துறேன். 'பெத்துக்கத் தெரியுதுல்ல, பேசாமக் கெட'ன்னு ஒரு நர்ஸு தொடையில அடிச்சாக. பொறவு அவுகளும் போயிட்டாக. எங்கம்மா கதவுக்கு அந்தப் பக்கந்தான் நின்னுருக்கு. எனக்குத் தெரியல. செத்துருவேன், என்னையத் தேடிக்கூட யாரும் வரமாட்டாகன்னு நெனச்சேன். அங்கன இன்னொரு தடவ தனியாப் போய்ப் படுக்க மாட்டேன்."

"உங்கம்மாவை உள்ளே விட்டால்?"

"விட்டா வாரேன்" என்றாள். ஒரே வார்த்தை.

மறுநாளே பேச்சியம்மாளும் நானும் அவர்கள் ஊருக்கு அருகில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். இந்தக் கதை எந்த ஊரிலும் நடந்திருக்கக்கூடியது.

டாக்டரம்மா பொறுமையாகவே பேசினார். கெட்டவர் இல்லை. "ஒருத்தரை விட்டா பத்துப் பேர் வருவாங்கம்மா. நான் யாரைத் தடுக்க? இன்ஃபெக்‌ஷன் பயம் வேற. அதுவும் உங்க ஆளுங்க கம்பெனியிலேர்ந்து அப்படியே மருந்துக் கையோட வர்றாங்க. அந்தக் கையோட பிரசவ அறைக்குள்ள எப்படி விட முடியும்? விடலாம்னு மேலேருந்து ரூலும் இல்ல" என்றார்.

பேச்சியம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வெடி மருந்தில் போடுகிற அலுமினியப் பொடி நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது. எங்கள் பக்கத்தில் பல பெண்களுக்கு விரல் நுனி வெள்ளி பூசியதுபோலத்தான் இருக்கும். பேச்சியம்மாள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் மறுநாள் காலை வேனில் பேசிவிட்டார்! தாயில்பட்டி ரோட்டில் வேன் போகப் போக, ஒவ்வொருத்தியாகத் தன் கதையை எடுத்துவிட்டிருக்கிறாள். அடி வாங்கியவள், திட்டு வாங்கியவள், பிள்ளை பிறந்தபோது அறையில் ஒருவருமே இல்லாதவள்... அதுவரை யாரும் யாரிடமும் சொன்னதில்லையாம். தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல கூடுவோம். பிரசவத்துக்கு ஒரு பொம்பளைத் துணை வேணும்னு கேப்போம்" என்று முடிவாயிற்று.

சரி, ஊரைக் கூட்ட என்ன செய்வது? இதென்ன கேள்வி... போஸ்டர் அடிக்க வேண்டியதுதான். சிவகாசிக்காரர்களுக்குத் தலைவலி வந்தாலும் முதல் வைத்தியம் போஸ்டர்தானே!

எங்கள் வீட்டுக்காரர் உற்சாகமாகிவிட்டார். "பேப்பர் நான் தர்றேன். கடையில வேஸ்ட் ஷீட் மலையாக் கிடக்கு" என்றார்.

வேஸ்ட் ஷீட் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். காலண்டர் அச்சடிக்கும்போது முதல் கொஞ்சம் தாள்களில் கலர் சரியாக உட்காராது. அதைக் கழித்துப் போடுவார்கள். நாங்கள் எடைக்கு வாங்கி, வெடிக் குழாய் சுற்றுகிறவர்களுக்கு விற்போம். அந்த வருடம் வந்து கிடந்தது குழந்தைப் பட காலண்டர். கொழுகொழு கன்னம், சுருட்டை முடி, உட்கார்ந்து சிரிக்கிற குழந்தை. உதட்டுச் சிவப்பு மட்டும் உதட்டைவிட்டு ஒரு நூல் விலகி நிற்கும். மற்றபடி கண்ணுபடப் போகிற அழகு. பின்பக்கம் சுத்த வெள்ளை.

அந்த வெள்ளைப் பக்கத்தில் தெரிந்த பிரஸ்ஸில் கொட்டை எழுத்தில் அடித்தோம். "பிரசவ அறையில் பெண்ணைத் தனியே விடாதீர்கள்! ஒரு துணையை உள்ளே விடுங்கள்! வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் கூடுவோம்!" வாசகம் நான் எழுதியது. அச்சில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

வேன் டிரைவர்கள் மூலம் ஊர் ஊராகப் போஸ்டர் போயிற்று. பறந்தது என்றே சொல்லலாம். "இன்னும் வேணும், இன்னும் வேணும்" என்று ஆள் வருகிறது. எங்கள் வீட்டுக்காரர், "பாத்தியா பானு, ஜனங்களுக்கு எம்புட்டு எழுச்சி!" என்று பூரித்துப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பேச்சியம்மாள், அவரோடு வேனில் போகிற சில பெண்கள், நான், தள்ளி ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு எங்கள் வீட்டுக்காரர். டீக்கடைக்காரரும் பாவப்பட்டு வந்து நின்றார். அவ்வளவுதான். ஊர்? எழுச்சி?

காரணம் அன்று சாயங்காலம் தெரிந்தது. பேச்சியம்மாளோடு அவர் தெருவில் நடந்தேன். வீட்டுக்கு வீடு எங்கள் போஸ்டர் இருந்தது. கூடத்துச் சுவரில், பீரோக் கதவில், கட்டில் தலைமாட்டில்... எங்கு பார்த்தாலும் கொழுகொழு குழந்தை! முழுகாமல் இருக்கிற பெண் அழகான குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளையும் அழகாகப் பிறக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. இலவசமாக வருகிறது, விடுவார்களா? சோறு தடவி ஒட்டிவிட்டார்கள். நான் எழுதிய வாசகம் அத்தனையும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் கர்வம் போன இடம் தெரியவில்லை. பேச்சியம்மாள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பாயம்மா, ஊருக்கே பிள்ளை வரம் கொடுத்துட்டீகளே!"

அதைவிடப் பெரிய கூத்து மறுநாள். மாரியைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தோம். பிரசவ அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், சிரித்துக்கொண்டிருந்தது அதே குழந்தை! அங்கேயும் யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அங்கே பிரசவம் பார்க்கிற நர்ஸம்மாவும் ஆசையாகப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார்.

பேச்சியம்மாள் கதவருகே நின்று, "தாயி, அந்தப் படத்தக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க" என்றார்.

நர்ஸம்மா புரியாமல் போய் அடி ஓரத்தைப் பிரித்து, தூக்கிப் பார்த்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்த ஓரத்தை மெதுவாக ஒட்டிவிட்டு வந்தார்.

"எனக்கும் தலைப்பிரசவம் இப்படித்தான். நான் வேலை பாத்த ஆஸ்பத்திரியிலயே, தனியாத்தான் கெடந்தேன். ஒரு ராத்திரிக்கு ஒரே நர்ஸு, நாலு கட்டிலு. யார் பக்கத்துல உக்கார? நான் ரூல் போடுற ஆளில்ல... மேல கேளுங்க. விடாமக் கேளுங்க" என்றார்.

நான் அவரை அதுவரை எதிர்த்தரப்பு என்று நினைத்திருந்தேன்.

பேச்சியம்மாள் ஊருக்குத் திரும்பியதும் வீடு வீடாக ஏறினார். போஸ்டரைத் திருப்பி ஒட்டச் சொன்னார். முழுகாமல் இருந்த பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எழுத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா பிள்ளை எப்படிப் பொறக்கும்?" என்று கேட்டிருக்கிறாள் ஒருத்தி. நியாயம்தானே?

கடைசியில் சரம் பின்னுகிற கைகளே வழி கண்டுபிடித்தன. போஸ்டரைச் சுவரிலிருந்து எடுத்து, மேலே நூல் கோத்து, வாசல் நிலையில் தொங்கவிட்டார்கள். வீட்டுக்குள்ளே பார்த்தால் குழந்தை. தெருவிலிருந்து பார்த்தால் கோரிக்கை! அடுத்த வாரம் நான் போனபோது தெரு முழுக்க, வாசலுக்கு வாசல், "பெண்ணைத் தனியே விடாதீர்கள்" காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் தொங்கவிட்டார்கள். அப்புறம் வெம்பக்கோட்டை வரைக்கும்.

மேலே மனு போனது. பதில் வரவில்லை. மாரிக்கு நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. "காகிதம் வந்துச்சா பாயம்மா?" என்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். "அப்ப வீட்டுலதான்" என்பாள். ரத்தத்துக்கு மாத்திரை விழுங்கினாள். கீரை தின்றாள். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்ற வார்த்தைக்கு மட்டும் அசையவில்லை. எனக்கு அந்த நாட்களில் தூக்கமே சரியில்லை.

தீபாவளிக்குக் கடைசி லோடு போகிற நேரம். கம்பெனிகளில் மூச்சுவிட நேரமில்லாத சீசன். அப்படியொரு காலையில் வேன் வந்தது... ஒரு பெண்ணும் ஏறவில்லை.

வேனுக்கு முன்னால் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, மறியல் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அது எங்களுக்கு நோன்பு மாதம். நானும் போய் உட்கார்ந்தேன். "நோன்புக்காரி வெயில்ல இருக்கீகளே" என்று ஒருத்தி தன் முந்தானையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். தான் வெயிலில் இருக்கிறோம் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை.

வெயில் ஏறுவதற்குள் கம்பெனி முதலாளி காரில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஆர்டர் நிக்குது, லாரி நிக்குது. என்னம்மா வேணும்? போனஸா?"

"போனஸ் பொறவு கேக்கோம் மொதலாளி. பிரசவத்துக்கு எங்க ஆளு ஒருத்தர் உள்ள போகணும்" என்றார் பேச்சியம்மாள்.

முதலாளிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆண்கள் பேசாத பேச்சு அல்லவா இது! "அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்? அது கவர்மெண்ட்டு" என்றார்.

"ஒங்க வீட்டம்மாவுக்கு மதுரையில பிள்ள பொறந்தப்ப யாரு கூட இருந்தாக?"

"எங்க அத்தை இருந்தாங்க" என்றார் மெதுவாக. பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார். யார் யாரிடம் பேசினார் என்று தெரியாது. வெகுநேரம் பேசினார். ஆர்டருக்காகப் பேசினாரோ, அத்தையை நினைத்துப் பேசினாரோ... எதுவானால் என்ன? அவருக்கும் என் நன்றி உண்டு.

மதியத்துக்கு மேல் சுகாதார அதிகாரி ஒருவர் விருதுநகரிலிருந்து ஜீப்பில் வந்தார். டாக்டரம்மாவையும் அழைத்து வந்திருந்தார். பள்ளிக்கூட மரத்தடியில் பெஞ்ச் போட்டுப் பேசினோம். கூட்டம் கூடும், சுத்தம் இருக்காது, வைத்தியத்தில் தலையிடுவார்கள் என்று அதே காரணங்களைத்தான் அவரும் சொன்னார்.

பேச்சியம்மாள் எழுந்தார். "ஐயா, நாங்க வெடி ரூமுல வேலை பாக்குறவக. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருந்தா உசுரு போகும்னு தெரிஞ்சு இருக்கிறவக. செருப்போட உள்ள வராத, இரும்பைக் கொண்டு வராதன்னா, வரமாட்டோம். ஆஸ்பத்திரிக்கும் ஒரு சட்டம் சொல்லுங்க. ஒருத்தர்தான்னா ஒருத்தர்தான். குளிச்சு, தொவச்ச சேலை கட்டி வான்னா வாரோம். டாக்டரம்மா வெளிய போன்னா, அந்த நிமிசமே போறோம்."

அதிகாரி டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு பொம்பளை... குழந்தை பெத்தவங்களா இருக்கணும். முன்கூட்டியே யாருன்னு சொல்லணும். அப்படின்னா எனக்குச் சம்மதம் சார்" என்றார். "உண்மையைச் சொன்னா, எங்களுக்கும் ஒரு கை உதவியா இருக்கும்."

"கொஞ்ச நாள் செஞ்சு பாப்போம். நான் மேல எழுதுறேன்" என்றார் அதிகாரி. ஒரே வார்த்தையில் தட்டிக் கழித்திருக்கலாம் அந்த மனிதர். உட்கார்ந்து கேட்டாரே!

பெண்கள் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அரை நாள் வேலையாவது கிடைக்கட்டும் என்று வேனில் ஏறிப் போனார்கள். வெற்றி விழாவெல்லாம் இல்லை. பட்டாசு ஊரில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.

நாலைந்து நாள்கூட ஆகியிருக்காது. கருப்பசாமி கடைக்கு ஓடி வந்தார். மாரிக்கு வலி. பனிக்குடம் உடைந்துவிட்டது. வீட்டைவிட்டு வரமாட்டேன் என்கிறாள்!

நான் போனபோது மாரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காகிதம் வரலியே. வாய்ப்பேச்சுத்தானே சொல்லிட்டுப் போனாக. அங்கன போனதும் கதவைச் சாத்திட்டா?"

என்ன சொல்வது? எனக்கும் அதே பயம்தான். பேச்சியம்மாள் மகளின் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். "சாத்துனா ஒடப்பேன். ஏறு வண்டியில."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இல்லை. விருதுநகரில் மீட்டிங்காம். படம் ஒட்டிய அதே நர்ஸம்மா மட்டும். மாரியை உள்ளே கூட்டிப் போனார்கள். அவள் திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனாள். பேச்சியம்மாள் கதவருகே போய் நின்றார். குளித்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா வெளியே வந்து, "கையைக் காட்டுங்க" என்றார்.

பேச்சியம்மாள் இரண்டு கையையும் நீட்டினார். புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தோலே சிவந்து போயிருந்தது. ஆனால் நகக்கண்ணில் அந்த வெள்ளிக் கோடு அப்படியே நின்றது.

"இது போகாது தாயி. பல வருசத்து மருந்து" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். இந்தக் கோட்டுக்காகவா, இவ்வளவு தூரம் வந்து...

நர்ஸம்மா உள்ளே போனார். ஒரு ஜோடி கையுறையோடு திரும்பி வந்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு வாங்க. சீக்கிரம், உங்க மக கூப்பிடுறா."

கதவு சாத்தப்பட்டது. இந்தத் தடவை பேச்சியம்மாள் உள்ளே. நான் வெளியே.

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து எனக்குக் கேட்டதெல்லாம் மாரியின் சத்தம் இல்லை, பேச்சியம்மாளின் சத்தம்தான். மகளுக்குத் தைரியம் சொன்னார், மருமகனைத் திட்டினார், சாமிகளை மிரட்டினார். நடுவில் நர்ஸம்மா, "யம்மா, கொஞ்சம் வாயை மூடுறீகளா, எனக்கு வேலை ஓடல" என்று கத்தினது ரோடு வரை கேட்டது. பிறகு ஒரு சின்ன நிசப்தம்... குழந்தை அழுகை.

பெண் குழந்தை. மாரிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. உடனே சாத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வீட்டில் மட்டும் இருந்திருந்தால் அவள் இன்றைக்கு இல்லை. இதை நான் சொல்லவில்லை, அங்கே பார்த்த டாக்டர் சொன்னார்.

கொஞ்ச காலம் கழித்து, அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்று சென்னையிலிருந்தே உத்தரவு வந்தது. எங்கள் போஸ்டரைப் பார்த்துத்தான் போட்டார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எத்தனை ஊரில் எத்தனை பெண்கள் கேட்டார்களோ, எத்தனை டாக்டர்கள் எடுத்துச் சொன்னார்களோ! தாயில்பட்டிப் பக்கம் மட்டும் அது பேச்சியம்மாள் போட்ட சட்டம். நான் திருத்தப் போவதில்லை.

கூலியை விட்டு வெயிலில் உட்கார்ந்த அந்தப் பெண்களில் பலருக்குப் பிள்ளை பெறுகிற வயதே தாண்டியிருந்தது. தங்களுக்கு இல்லாததை, யார் யாருக்கோ கேட்டு வாங்கினார்கள். போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஜோதிக்குக் கிடைத்தது அதுதான். அவள் அந்தப் பெண்களைப் பார்த்ததுகூட இல்லை. அவளுக்கும் சேர்த்து நானே நன்றி சொல்லிவிடுகிறேன்.

மாரியைச் சாத்தூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது கேட்டேன். "இந்தத் தடவை எப்படிடி இருந்துச்சு? வலி கம்மியா?"

"எங்க கம்மி? அதே வலிதான் பாயம்மா, இன்னும் கூடத்தான்" என்று சிரித்தாள். "ஆனா நான் அம்மான்னு கூப்பிடக் கூப்பிட, 'இந்தா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

கூப்பிட்டால் பதில் வர வேண்டும். இவ்வளவுதான் கேட்டார்கள்... அதற்கு ஒரு ஊரே ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது!